பழைய உழவு இயந்திரங்களுக்கு மூடிய ஓட்டுநர் அறை பொருத்துதல்

மூடிய ஓட்டுநர் அறை பொருத்துதல் என்பது, திறந்த இருக்கையுடன் தயாரிக்கப்பட்ட பழைய உழவு இயந்திரம் (டிராக்டர்) ஒன்றின் மீது, கூரை, சுவர், கதவு, கண்ணாடி ஆகியவற்றுடன் கூடிய அறை ஒன்றைப் பின்னாளில் ஏற்றிப் பிணைக்கும் வேலையைக் குறிக்கும். இவ்வறை பேச்சு வழக்கில் கேபின் எனப்படுகிறது. குளிர், மழை, தூசி ஆகியவற்றில் இருந்து ஓட்டுநரைக் காப்பதற்காகவே இம்முறை தொடங்கியது. பின்னர், இயந்திரம் கவிழும்போது ஓட்டுநர் நசுங்கி இறப்பதைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கமாக மாறியது. மழைக்காக மட்டும் கட்டப்பட்ட அறையும் கவிழ்தலைத் தாங்கும் அறையும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கக்கூடும். ஆனால் இரண்டும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறிவதே இத்துறையின் அடிப்படை ஆகும்.

இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய இராச்சியத்தின் நடைமுறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. அந்நாட்டில் 1970 - 1977 காலப்பகுதியில் பழைய உழவு இயந்திரங்களுக்கு அறை பொருத்துவது சட்டத்தின் வழியே பரவலாக நடைபெற்றது.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தயாரிக்கப்பட்ட உழவு இயந்திரங்களில் ஓட்டுநருக்கென இருந்தது வார்க்கப்பட்ட அல்லது அழுத்தி வடிக்கப்பட்ட ஓர் இரும்பு இருக்கை மட்டுமே. குதிரை பூட்டிய கருவிகளின் இருக்கை அமைப்பே அப்படியே இயந்திரத்துக்கும் வந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்றி நகரில் தயாரிக்கப்பட்ட பெர்குசன் டி.ஈ.20 வகையில் 5,17,000க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வெளிவந்தன. அவற்றில் எதிலும் ஆலையில் இருந்தே அறை பொருத்தப்படவில்லை. அதே காலத்திய போர்ட்சன் மேஜர், பின்வந்த மாசி பெர்குசன் 35 ஆகியவையும் அடிப்படையில் திறந்த இயந்திரங்களே. மாசி பெர்குசன் வடிவமைப்புகளைக் கொண்டு 1960களில் இருந்து சென்னையில் டாஃபே நிறுவனம் இயந்திரங்களைத் தயாரித்து வருகிறது. அவற்றின் பழைய வகைகளும் திறந்த இருக்கை உடையவையே.

அறை இல்லாமைக்குச் சில காரணங்கள் இருந்தன:

- விலையைக் குறைவாக வைத்திருக்க வேண்டிய தேவை.
- பின்னால் இழுக்கப்படும் கருவியை ஓட்டுநர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தமை.
- இயந்திரத்தில் இருந்து விரைவாக இறங்கி ஏற வேண்டியிருந்தமை.
- தாழ்வான கொட்டில்களின் வாயில்களிலும் பழத்தோட்டங்களிலும் நுழைய வேண்டியிருந்தமை.
- கவிழும்போது குதித்துத் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது உண்மைக்குப் புறம்பானது. அதற்கான காரணம் கவிழ்தலின் இயக்கவியல் என்ற பகுதியில் தரப்பட்டுள்ளது.

வரலாறு

தொடக்க கால முயற்சிகள்

ஐக்கிய அமெரிக்காவின் மினியாப்பொலிசு-மோலைன் நிறுவனம் 1938ஆம் ஆண்டில் யூ.டி.எல்.எக்சு என்னும் உழவு இயந்திரத்தை மூடிய அறையுடன் வெளியிட்டது. கம்ஃபர்ட்டிராக்டர் என்ற பெயரில் அறியப்பட்ட இவ்வியந்திரத்தில் வெப்பமூட்டி, வானொலி, கண்ணாடி துடைப்பான் ஆகியவை இருந்தன. பகலில் வயலில் உழுதுவிட்டு மாலையில் அதிலேயே நகருக்குச் செல்லலாம் என்பது இதன் விளம்பரக் கருத்தாக இருந்தது. எனினும் உழவர்கள் இதனை வாங்க முன்வரவில்லை. ஏறத்தாழ 150 இயந்திரங்களே தயாரிக்கப்பட்டன.

பெரும்பான்மை உழவர்கள் இதைவிட எளிய வழிகளை நாடினர். எஞ்சினின் இரு பக்கங்களையும் கித்தான் துணியால் மூடி, அதன் வெப்பம் ஓட்டுநரை நோக்கி வரும்படி செய்வது வட அமெரிக்கக் குளிர்காலத்தில் வழக்கமாக இருந்தது. பிரித்தானியாவில் குழாய்ச் சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திய அறைகளும், மெல்லிய தகட்டால் ஆன அறைகளும் விற்கப்பட்டன. லம்போர்ன், வின்சாம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய அறைகளைத் தயாரித்தன. இவை மழையைத் தடுத்தன. ஆனால் இயந்திரம் கவிழ்ந்தால் தீப்பெட்டி போல் நசுங்கக்கூடியவையாக இருந்தன.

சுவீடனின் சட்டம்

கவிழ்தலில் இருந்து காக்கும் அமைப்பை முதன்முதலில் சட்டத்தால் கட்டாயமாக்கிய நாடு சுவீடன் ஆகும். அங்கு 1959ஆம் ஆண்டு முதல் புதிய உழவு இயந்திரங்களில், சோதிக்கப்பட்ட பாதுகாப்புச் சட்டகமோ அறையோ இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் இவ்விதி பழைய இயந்திரங்களுக்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டில் உழவு இயந்திரம் கவிழ்ந்து இறப்போரின் எண்ணிக்கை, முன்னர் இருந்ததில் மிகச் சிறு பங்காகக் குறைந்தது. ஓட்டுநர்களின் திறமை கூடியதால் அன்றி, இயந்திரத்தின் வடிவம் மாறியதாலேயே இவ்வீழ்ச்சி ஏற்பட்டது என்பது பின்னாளில் பிற நாடுகளின் சட்டங்களுக்கு வலுவான சான்றாக அமைந்தது.

பிரித்தானியாவின் சட்டம்

ஐக்கிய இராச்சியத்தில் 1970 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய உழவு இயந்திரங்களுக்கு, ஏற்பளிக்கப்பட்ட பாதுகாப்பு அறை கட்டாயமாக்கப்பட்டது. 1977 செப்டம்பர் 1 முதல், கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளர் ஓட்டும் எல்லா உழவு இயந்திரங்களுக்கும், அவை எவ்வளவு பழையவையாக இருந்தாலும், இவ்விதி பொருந்தியது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளே பழைய இயந்திரங்களுக்கு அறை பொருத்தும் தொழிலின் உச்ச காலம் ஆகும். டங்கன், டென்மார்க்கைச் சேர்ந்த செகூரா முதலிய நிறுவனங்கள், குறிப்பிட்ட இயந்திர வகைகளுக்கெனத் தனித்தனியே அறைகளை வடிவமைத்து விற்றன.

இச்சட்டத்தில் குறிப்பிடத்தக்க ஓர் இடைவெளி இருந்தது. தன் சொந்த நிலத்தில் தன் சொந்த இயந்திரத்தைத் தானே ஓட்டும் உழவர் இவ்விதிக்கு உட்படவில்லை. எனவே தொழிலாளர் எவரையும் அமர்த்தாத சிறு பண்ணைகளில், குறிப்பாக மலைச்சரிவுப் பகுதிகளில், திறந்த இயந்திரங்கள் தொடர்ந்து பயன்பட்டன. கவிழும் வாய்ப்பு மிகுந்த நிலமும் காப்பில்லாத பழைய இயந்திரமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது இதன் விளைவாகும். பழத்தோட்டங்கள், ஆப்புக்கொடித் தோட்டங்கள், கட்டடங்களின் உட்புறம் போன்ற தாழ்வான இடங்களில் செய்யப்படும் வேலைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

பணியிடக் கருவிகள் தொடர்பான 1998ஆம் ஆண்டின் விதிகளும், தொழிலாளர் ஓட்டும் நகரும் இயந்திரங்களுக்குக் கவிழ்தல் காப்பைக் கோருகின்றன.

ஐக்கிய அமெரிக்கா

ஜான் டியர் நிறுவனம் 1966இல் ரோல்-கார்டு என்னும் பாதுகாப்புச் சட்டகத்தை வெளியிட்டது. அதன் காப்புரிமையைப் பிற உற்பத்தியாளர்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்தது. 1972இல் அதே நிறுவனத்தின் சவுண்டு-கார்டு அறை வெளிவந்தது. பாதுகாப்புச் சட்டகம், ஒலித் தடுப்பு, காற்றோட்டம் ஆகிய மூன்றும் இதில் ஒரே வடிவமைப்பாக இணைக்கப்பட்டிருந்தன.

1976 அக்டோபர் 25க்குப் பின் தயாரிக்கப்பட்டு, தொழிலாளரால் ஓட்டப்படும் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குக் காப்பமைப்பு அங்கு கட்டாயமானது. அதற்கு முன் தயாரிக்கப்பட்டவற்றுக்கு நாடு தழுவிய கட்டாயம் இல்லை. நியூயார்க் மாநிலம் 2006ஆம் ஆண்டில், பழைய இயந்திரங்களுக்குச் சட்டகம் வாங்கிப் பொருத்தும் உழவர்களுக்குச் செலவின் பெரும் பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிற மாநிலங்கள் சிலவும் இதனைப் பின்பற்றின.

கவிழ்தலின் இயக்கவியல்

உழவு இயந்திரம் இரு வகைகளில் கவிழ்கிறது.

பக்கவாட்டுக் கவிழ்தல்: சரிவான நிலத்தில் குறுக்காகச் செல்லும்போதும், வேகமாகத் திரும்பும்போதும், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலோ வாய்க்கால் கரையிலோ இறங்கும்போதும் இது நிகழ்கிறது. புவியீர்ப்பு மையத்தில் இருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக் கோடு, சக்கரங்கள் நிலத்தைத் தொடும் பரப்புக்கு வெளியே சென்றவுடன் இயந்திரம் உருளத் தொடங்கும்.

பின்புறக் கவிழ்தல்: பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்தோ, இழுக்கும் சுமை அசையாமலோ இருக்கும் நிலையில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினின் முறுக்குவிசை சக்கரத்தைச் சுழற்றுவதற்கு மாறாக, இயந்திரத்தின் உடலையே பின்னச்சைச் சுற்றிச் சுழற்ற முனைகிறது. முன்சக்கரங்கள் மேலே எழும்புகின்றன. இழுவைச் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலான உயரத்தில் மாட்டியிருந்தால் இது மேலும் எளிதாக நிகழும். முன்சக்கரங்கள் எழும்பத் தொடங்கி ஏறத்தாழ முக்கால் நொடியில் மீட்க முடியாத நிலை வந்துவிடுகிறது. ஒன்றரை நொடிக்குள் இயந்திரம் முழுமையாக மல்லாந்து விழக்கூடும். நடப்பதை உணர்ந்து காலைக் கிளட்ச்சு மீது வைப்பதற்கே பெரும்பாலும் இந்நேரம் போதாது. குதித்துத் தப்பலாம் என்ற நம்பிக்கை இதனாலேயே தவறானது. மேலும், பக்கவாட்டில் கவிழும்போது குதிப்பவர் பெரும்பாலும் இயந்திரம் விழும் பக்கத்திலேயே விழுகிறார்.

பாதுகாப்பு அறை கவிழ்தலைத் தடுப்பதில்லை. கவிழ்ந்த பின் ஓட்டுநரைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட வெற்றிடம் நசுங்காமல் எஞ்சியிருக்கும்படி செய்வதே அதன் பணி. பல நேரங்களில், இயந்திரம் 90 பாகையில் நின்றுவிடவும் தொடர்ந்து உருளாமல் இருக்கவும் இது உதவுகிறது.

வலிமைச் சோதனை

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு வெளியிட்டுள்ள உழவு இயந்திரச் சோதனை நெறிகளே பன்னாட்டளவில் பயன்படுகின்றன. அவற்றுள் 3ஆம் நெறி இயக்கநிலைச் சோதனையை விளக்குகிறது. இதில் 2,000 கிலோகிராம் எடையுள்ள ஊசற்குண்டு சட்டகத்தின் மீது மோதவிடப்படுகிறது. 4ஆம் நெறி நிலைநிலைச் சோதனையை விளக்குகிறது. இதில் நீரியல் உருளைகளால் சட்டகம் மெதுவாகத் தள்ளப்பட்டு, அது உட்கொள்ளும் ஆற்றல் அளக்கப்படுகிறது.

4ஆம் நெறியின்படி, இயந்திரத்தின் திணிவு கிலோகிராமில் தி எனக் கொண்டால், சட்டகம் நிறைவேற்ற வேண்டிய முதன்மை அளவுகள் வருமாறு:

- நெடுக்குத் திசையில் முதற் சுமையேற்றம்: 1.4 × தி ஜூல் ஆற்றல்.
- பக்கவாட்டுத் திசையில்: 1.75 × தி ஜூல் ஆற்றல்.
- மேலிருந்து நசுக்கும் விசை: 20 × தி நியூட்டன்.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோகிராம் திணிவுள்ள இயந்திரத்தின் சட்டகம் நெடுக்கில் 2,800 ஜூல், பக்கவாட்டில் 3,500 ஜூல் ஆற்றலை உட்கொள்ள வேண்டும். மேலிருந்து 40,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். பின்னது அவ்வியந்திரத்தின் எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும்.

இங்கு கவனிக்க வேண்டியது, பக்கவாட்டுச் சோதனையில் விசை அன்றி ஆற்றலே அளவுகோலாக உள்ளது என்பதாகும். சட்டகம் வளைந்து கொடுத்து ஆற்றலை உட்கொள்ள வேண்டும். ஆனால் ஓட்டுநரின் வெற்றிடத்துக்குள் நுழையும் அளவுக்கு வளையக் கூடாது. மிகக் கடினமான, வளையாத சட்டகம் மோதலில் முறிந்துபோகும், அல்லது அதனைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளும் பின்னச்சுக் கூடும் உடைந்துபோகும். தடித்த குழாயைப் பற்றவைத்துக் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணி ஊர்ப் பட்டறைகளில் செய்யப்படும் அறைகள் ஆபத்தானவையாகக் கருதப்படுவது இதனாலேயே ஆகும். அவற்றில் இருந்து ஓட்டுநர் வெளியேறவும் முடியாமல், அவை ஓட்டுநரைக் காக்கவும் முடியாமல் போகலாம்.

ஒரு முறை கவிழ்ந்த சட்டகத்தை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். வளைந்த எஃகு தன் ஆற்றல் உட்கொள்ளும் திறனில் ஒரு பகுதியை ஏற்கனவே செலவிட்டுவிட்டது.

அறை வகைகள்

வானிலை அறை: மழை, காற்று, குளிர் ஆகியவற்றைத் தடுக்க மட்டும் உதவுவது. கித்தான், மெல்லிய தகடு, கண்ணாடியிழை ஆகியவற்றால் ஆனது. கவிழ்தல் காப்பு இல்லை.

போர்த்திய பாதுகாப்புச் சட்டகம்: சோதிக்கப்பட்ட எஃகுச் சட்டகத்தின் மேல் கித்தானோ தகடோ கண்ணாடியோ பொருத்தப்பட்டது. 1970களில் பழைய இயந்திரங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது இவ்வகையே. சட்டகமே காப்பை அளிக்கிறது. போர்வையைக் கழற்றினாலும் காப்புக் குறையாது.

பாதுகாப்பு அறை: சட்டகமும் சுவர்களும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது.

அமைதி அறை: பாதுகாப்புடன் ஒலி அளவும் கட்டுப்படுத்தப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 1976 முதல் புதிய அறைகளில் ஓட்டுநரின் காதருகே ஒலி 90 டெசிபெல்லுக்கு மிகக் கூடாது என்று விதிக்கப்பட்டது. இதன்படி வந்த அறைகள் கியூ கேபின் என்று அழைக்கப்பட்டன. இவை இயந்திரத்துடன் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை ஆதலால், பழைய இயந்திரங்களுக்கு மாற்றிப் பொருத்துவது கடினம்.

பொருத்தும் முறை

இயந்திரத்தையும் அறையையும் சரிபார்த்தல்

ஒவ்வொரு பாதுகாப்பு அறையும் குறிப்பிட்ட இயந்திர வகைக்கும் குறிப்பிட்ட உச்ச எடைக்கும் ஏற்பளிக்கப்பட்டது. அறையில் உள்ள அடையாளத் தகட்டில் தயாரிப்பாளர், ஏற்பு எண், பொருந்தும் இயந்திர வகை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத பழைய அறையின் வலிமையைப் பார்வையால் உறுதி செய்ய இயலாது. மற்றொரு வகை இயந்திரத்தின் அறையைத் துளை மாற்றிப் பொருத்தினால் அதன் ஏற்பு செல்லாது.

பழைய அறையை வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது துருவை ஆகும். சேறும் உரமும் தங்கும் அடிப்பகுதி, மட்கார்டு இணையும் மூலை, தூண்களின் உட்புறம் ஆகிய இடங்களில் துரு மிகும். வண்ணம் பூசப்பட்ட தூணைச் சுத்தியலால் தட்டும்போது மந்தமான ஒலி எழுந்தால், உள்ளே தகடு கரைந்திருக்க வாய்ப்பு உள்ளது.

பிணைப்பு

பெரும்பாலான அறைகளின் பின்தூண்கள் பின்னச்சுக் கூட்டின் மேல் பிணைக்கப்படுகின்றன. இயந்திரத்தின் மிக வலிமையான வார்ப்புப் பகுதி இதுவே. இதற்கெனப் பழைய மட்கார்டுகள் கழற்றப்பட்டு, அறையின் பகுதியாகவே உள்ள மட்கார்டுகள் இடப்படும். முன்தூண்கள் கிளட்ச்சுக் கூட்டின் பக்கங்களில் தாங்கிகள் மூலம் இணைக்கப்படும்.

- தயாரிப்பாளர் குறிப்பிட்ட வலிமைத் தரத்தில் உள்ள போல்ட்டுகளையே பயன்படுத்த வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டு கவிழும் நொடியில் அறுந்துவிடும்.
- வார்ப்பிரும்பாலான கூட்டின் மீது எதையும் பற்றவைக்கக் கூடாது. பற்றவைப்பின் வெப்பத்தால் வார்ப்பிரும்பில் விரிசல் உண்டாகும்.
- சட்டகத்தின் தூண்களில் விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்காகப் புதிய துளை இடவோ, பற்றவைக்கவோ கூடாது. பிடிப்பு வளையம் கொண்டு மாட்டலாம்.
- முதல் சில நாள் வேலைக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும்.

சில நூறு கிலோகிராம் எடையுள்ள அறையை மனிதர் தூக்கி ஏற்றுவது தவறு. கூரையின் தூக்கு வளையங்களில் பட்டை கட்டி, பாரந்தூக்கியால் இறக்க வேண்டும். இறக்கும்போது அறைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் எவரும் கை வைக்கக் கூடாது.

தரையும் கட்டுப்பாடுகளும்

திறந்த இயந்திரத்தில் நெம்புகோல்களும் மிதிகளும் இடத் தடையின்றி அமைந்தவை. அறையின் தரை இடப்படும்போது அவற்றின் முழு அசைவுக்கும் இடம் விடப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, பெர்குசன் டி.ஈ.20 இயந்திரத்தில் பல்லிணை மாற்றுக் கோலைத் தனி நிலை ஒன்றுக்குத் தள்ளியே எஞ்சின் கிளப்பப்படுகிறது. கோலைச் சுற்றியுள்ள திறப்பு சிறியதாக இருந்தால் அந்நிலைக்குக் கோல் செல்லாது. கிளட்ச்சு, தடை மிதிகள் தரைவிரிப்பில் சிக்காமல் முழுமையாகத் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. எரிபொருள் நிரப்பும் வாய் அறைக்கு வெளியிலேயே இருக்க வேண்டும்.

மும்முனை இணைப்பையும் திறன் எடுப்புத் தண்டையும் இருக்கையில் இருந்தே பார்க்க முடிவதற்காகப் பின்கண்ணாடி பெரியதாகவும் திறக்கக்கூடியதாகவும் அமைக்கப்படுகிறது. கண்ணாடிகள் கடினமாக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடிகளாக இருக்க வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி உடையும்போது கத்தி போன்ற துண்டுகளாகும்.

மின்சாரம்

பழைய இயந்திரங்களின் டைனமோ குறைந்த மின்னோட்டத்தையே தருகிறது. பிரித்தானிய இயந்திரங்களில் பரவலாக இருந்த லூகாசு சி40 வகை டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர் ஆகும். 12 வோல்ட்டில் இது ஏறத்தாழ 264 வாட். 55 வாட் வேலை விளக்குகள் நான்கை எரித்தாலே 220 வாட் செலவாகிவிடும். காற்றூதி, துடைப்பான் ஆகியவற்றுக்கு மின்சாரம் எஞ்சாது. எனவே அறை பொருத்துவோர் பலர் ஆல்டர்னேட்டருக்கு மாறுகின்றனர்.

இம்மாற்றத்தில் ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. அக்கால இயந்திரங்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனை இயந்திர உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. வழக்கமான ஆல்டர்னேட்டர்களுக்கு எதிர்முனையே உடலுடன் இணைக்கப்பட வேண்டும். முனைகளை மாற்றாமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் இருமுனையங்கள் உடனே எரிந்துபோகும். ஒவ்வொரு புதிய சுற்றுக்கும் தனி உருகி இடுவதும், தகட்டைத் துளைத்துச் செல்லும் கம்பிகளுக்கு இரப்பர் வளையம் இடுவதும் தீ விபத்தைத் தடுக்கும்.

வெப்பமும் காற்றோட்டமும்

அறையை வெப்பமூட்ட, எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரின் ஒரு பகுதி இரப்பர்க் குழாய் வழியே சிறு வெப்பமாற்றிக்குச் செலுத்தப்படுகிறது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றிய காற்றை நேரடியாக அறைக்குள் விடுவது ஆபத்தானது. புகைபோக்கியில் சிறு துளை இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அறையில் சேரும். மூடிய அறையில், மணமற்ற இவ்வளி ஓட்டுநரை மயக்கமுறச் செய்யும்.

தூசியைத் தடுக்க, வடிகட்டிய காற்றை உள்ளே ஊதி, அறையின் உள் அழுத்தத்தை வெளியை விடச் சற்றே கூடுதலாக வைத்திருப்பதே சரியான வழி. அப்போது இடுக்குகளின் வழியே காற்று வெளியேறுமே தவிரத் தூசி உள்ளே வராது.

கோடையில் கண்ணாடி அறை விரைவில் சூடேறும். குளிரூட்டி இல்லாத அறையில் ஓட்டுநர் கதவுகளைத் திறந்து வைத்தே ஓட்ட முற்படுவார். இதனால் தூசித் தடுப்பும் ஒலித் தடுப்பும் பயனற்றுப் போகின்றன.

ஒலி

அறை பொருத்தினால் ஒலி குறையும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. முதல் தலைமுறைப் பாதுகாப்பு அறைகளில் இதற்கு நேர்மாறானதே நிகழ்ந்தது. எஞ்சினின் அதிர்வு போல்ட்டுகள் வழியே தகடுகளுக்குச் சென்று, அவை முரசின் தோல் போல் அதிர்ந்தன. கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டுத் திரும்பிய ஒலி ஓட்டுநரின் காதருகே குவிந்தது. உயிரைக் காக்க வந்த அறை செவியைக் கெடுத்தது. 1976ஆம் ஆண்டின் 90 டெசிபெல் விதிக்கு இந்த அனுபவமே காரணம் ஆகும்.

ஒலி அளவு 3 டெசிபெல் கூடினால் அதன் ஆற்றல் இருமடங்காகிறது. ஆற்றல் அடிப்படையில், 90 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருப்பதும், 93 டெசிபெல்லில் 4 மணி நேரம் இருப்பதும் செவிக்கு ஒரே அளவான சுமையைத் தருகின்றன. 96 டெசிபெல்லில் இது 2 மணி நேரமாகச் சுருங்குகிறது. உழவுப் பருவத்தில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓட்டுபவருக்கு இதன் பொருள் தெளிவானது. ஐக்கிய இராச்சியத்தில் 2005ஆம் ஆண்டின் விதிகள் பணியிட ஒலியின் உச்ச வரம்பை, செவிக்காப்பின் பயனையும் கணக்கிட்டு, 87 டெசிபெல்லாகக் குறைத்தன.

பழைய அறையில் ஒலியைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன:

- தயாரிப்பாளர் அனுமதித்த இடங்களில் மட்டும், பிணைப்புகளில் இரப்பர்த் தாங்கிகளை இடுதல்.
- தரையிலும் எஞ்சினை நோக்கிய முன்சுவரிலும் கனமான இரப்பர் விரிப்பு இடுதல். எடை மிகுந்த தடுப்பே ஒலியைத் தடுக்கும். மெல்லிய பஞ்சு தடுக்காது.
- கூரையின் உட்புறம் தீப்பற்றாத நுரைப் பொருள் ஒட்டி, எதிரொலியைக் குறைத்தல்.
- நெம்புகோல், மிதி ஆகியவற்றின் திறப்புகளை நெகிழும் உறைகளால் மூடுதல். சிறு இடுக்கு வழியேயும் பெருமளவு ஒலி நுழையும்.
- பழுதடைந்த சைலன்சரை மாற்றி, புகைபோக்கியின் வாயை அறைக்கு அப்பால் திருப்புதல்.

பூச்சிக்கொல்லித் தெளிப்பு

மூடிய அறை இருப்பதாலேயே நச்சுத் தெளிப்பில் இருந்து பாதுகாப்புக் கிடைத்துவிடுவதில்லை. ஐரோப்பியத் தரம் ஈ.என். 15695 அறைகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகை நச்சுக்கு எதிரான காப்பு எதையும் தருவதில்லை. இரண்டாம் வகை தூசியையும், மூன்றாம் வகை தூசியுடன் நுண் துளிகளையும், நான்காம் வகை இவற்றுடன் ஆவியையும் தடுக்கின்றன. பழைய இயந்திரங்களுக்குப் பின்னாளில் பொருத்தப்பட்ட அறைகளை முதல் வகையாகவே கொள்ள வேண்டும். அவற்றில் அமர்ந்து தெளிப்பவர், திறந்த இயந்திரத்தில் அணிய வேண்டிய காப்புடைகளையும் முகமூடியையும் அணிய வேண்டும். நச்சுப் படிந்த உடையுடன் அறைக்குள் ஏறினால், இருக்கையும் தரைவிரிப்பும் நச்சைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

பொருத்திய பின் ஏற்படும் மாற்றங்கள்

அறையின் எடை இயந்திரத்தின் மேற்பகுதியில் சேர்வதால் புவியீர்ப்பு மையம் சற்று உயர்கிறது. இதனால் முன்பு கடந்து வந்த சரிவு இப்போது பாதுகாப்பற்றதாக இருக்கலாம். பின்சக்கர இடைவெளியை மாற்றக்கூடிய இயந்திரங்களில், அவ்விடைவெளியை அகலப்படுத்துவது இதனை ஓரளவு ஈடு செய்யும்.

இயந்திரத்தின் உயரமும் கூடுகிறது. கொட்டில் வாயில்கள், மரக்கிளைகள், தாழ்ந்த மின்கம்பிகள் ஆகியவற்றின் உயரத்தை முன்கூட்டியே அளந்து, அறையின் உயரத்தை ஓட்டுநரின் கண்முன் எழுதி ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

கவிழ்ந்த இயந்திரத்தின் கதவு நிலத்தில் அழுந்தியிருக்கும். நீர்நிலையில் விழுந்தாலோ தீப்பற்றினாலோ வேறு வழி தேவை. ஆகவே ஐரோப்பிய விதிகள் வெவ்வேறு பக்கங்களில் வெளியேறும் வழிகள் மூன்று இருக்க வேண்டும் என்கின்றன. பின்சன்னலின் கொண்டி துருப்பிடிக்காமல் எளிதில் திறக்கும் நிலையில் இருப்பது இதற்கு இன்றியமையாதது.

இருக்கைப் பட்டை

பாதுகாப்புச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் ஒன்றுக்கொன்று துணையானவை. பட்டை அணியாத ஓட்டுநர், கவிழும்போது காக்கப்பட்ட வெற்றிடத்தில் இருந்து வெளியே எறியப்பட்டு, அதே சட்டகத்தின் கீழ் நசுங்கக்கூடும். மூடிய அறையிலும் கதவு திறந்துகொண்டால் இது நிகழும். பழைய இரும்பு இருக்கையில் பட்டை பிணைக்கும் வலிமை இல்லை. எனவே அறையுடன் சேர்த்துத் தக்க இருக்கையும் மாற்றப்பட வேண்டும்.

இதற்கு மாறாக, காப்புச் சட்டகம் ஏதும் இல்லாத திறந்த இயந்திரத்தில் பட்டை அணியக் கூடாது. மடக்கி வைக்கப்பட்ட சட்டகத்துக்கும் இது பொருந்தும். வானிலை அறை மட்டும் உள்ள இயந்திரமும் இவ்வகையில் காப்பில்லாத இயந்திரமாகவே கருதப்பட வேண்டும்.

அறையில் ஓட்டுநருக்கு மட்டுமே இடம் உண்டு. மட்கார்டின் மேல் அமர்ந்து வரும் குழந்தைக்கு அறை எக்காப்பையும் அளிப்பதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 13 வயதுக்குட்பட்டோர் வேளாண் வேலையின்போது உழவு இயந்திரத்தில் ஏறிச் செல்வது 1998ஆம் ஆண்டு விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது.

சேகரிப்பாளர்களும் அறைகளும்

1970களில் பொருத்தப்பட்ட அறைகள் பலவற்றை, பழைய இயந்திரங்களைச் சேகரிப்போர் கழற்றிவிடுகின்றனர். ஆலையில் இருந்து வெளிவந்த தோற்றத்தை மீட்பதே இவர்களின் நோக்கம். காட்சிக்கு மட்டும் வைக்கப்படும் இயந்திரத்தில் இதனால் தீங்கில்லை. ஆனால் அதே இயந்திரம் உழவுப் போட்டியிலோ, புல் வெட்டவோ, சரிவில் விறகு இழுக்கவோ பயன்படும்போது அதன் ஓட்டுநர் 1959க்கு முற்பட்ட நிலைக்கே திரும்புகிறார். அறையின் தோற்றத்தை விரும்பாதவர்களுக்கு, ஏற்பளிக்கப்பட்ட இருதூண் சட்டகமும் இருக்கைப் பட்டையும் மாற்று வழியாக அமையும். தேவைப்படும்போது போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டகத்தை எடுத்துவிடலாம். இயந்திரத்தின் மூல உறுப்புகள் எதுவும் இதனால் மாற்றம் அடைவதில்லை.

இவற்றையும் பார்க்க

- உழவு இயந்திரம்
- மும்முனை இணைப்பு
- திறன் எடுப்புத் தண்டு
- புவியீர்ப்பு மையம்
- இருக்கைப் பட்டை
- டெசிபெல்